மைக்கை எதிர் மைதானத்துக்காரரிடம் கொடுத்த நாள்

புதிதாக நம் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். சேர்ந்த அன்றே டீ குடிக்கிற இடத்தில் வைத்து என்னிடம் கேட்டீர்கள்: "யம்மா, உண்மையச் சொல்லுங்க. நம்ம மைதானம் நல்லதா, மேட்டு மைதானம் நல்லதா?"

வம்புக் கேள்விதான். வேலையில் இருந்தபோது இதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தேன், அதை உரக்கச் சொல்வேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். மைதானக் கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது, ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன். கேட்டது ஒரு வரி, பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டு மைதானத்தில் கேலரி என்று ஒன்று கிடையாது. கண்மாய்க் கரைதான் கேலரி. மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால் முதுகுப் பக்கம் குளிர்ந்த காற்று வரும், தலைக்கு மேலே வேப்ப மரங்கள். வேலி கிடையாது, கயிறுகூடக் கிடையாது, சுண்ணாம்புக் கோடு ஒன்றுதான். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவரின் கால் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கும். கார்னர் அடிக்கப் போகிறவன் "அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் எடுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அவரும் எடுப்பார், எடுக்கும்போதே எந்தப் பக்கம் அடிக்கணும் என்று யோசனையும் சொல்வார். பந்து கண்மாயில் விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். நீச்சல் தெரிந்த ஒருவர் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு இறங்குவார். அவர் பந்தோடு கரையேறும்போது கோலுக்கு விழாத கைதட்டல் விழும். அவித்த கடலையை முறத்தில் வைத்துக்கொண்டு நடுவரின் பக்கத்திலேயே நடந்து விற்பார்கள். சுற்று வட்டாரத்தில் புஞ்சை வைத்திருக்கிற விவசாயக் குடும்பங்களின் மைதானம் அது. ஆடுகிறவன் மாமன் மகன், பார்க்கிறவர் பெரியப்பா.

நம்முடையது வேறு ரகம். பட்டாசுக் கம்பெனிக்காரர்களும் அச்சாபீஸ்காரர்களும் சேர்ந்து கட்டிக் கொடுத்தது, அதனால்தான் ஊரில் கம்பெனி மைதானம் என்கிறார்கள். மேற்கே தகரக் கூரை போட்ட கேலரி. நாற்காலி. வாசலில் பொரிச்ச பரோட்டாக் கடை. கத்தினால் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வரும், நூறு பேர் கத்தினால் ஆயிரம் பேர் கத்தியது மாதிரி இருக்கும். முக்கியமாக, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை உண்டு. சிரிக்காதீர்கள். மேட்டு மைதானத்தில் ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை, அவர்களுக்கு ஆட்டம் பிடிக்காமலா வரவில்லை? நம் மைதானத்துக்கு பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசு ஆலைகளின் பெண்களும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான் நம் கேலரிக்கு நாக்கு முளைத்தது. நடுவர் ஒரு ஃபவுல் தவறாகக் கொடுத்தால் ஆண்கள் அவரை மட்டும் திட்டுவார்கள். பெண்கள் அவர் வீட்டில் எல்லாரையும் விசாரித்து விடுவார்கள்.

எதிரணிக் கேலரி கிழக்கே. கூரை கிடையாது, வெறும் படிக்கட்டு. சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அப்படி வேண்டுமென்றேதான் கட்டினார்கள் என்று எனக்கு இன்னமும் சந்தேகம். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிடாமல் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். நம் கேலரிக்குப் பின்னால் ரோட்டுக்கு இறங்க ஒரு படிக்கட்டு, எதிரணிக்காரர்களுக்குக் கீழே கிழக்கு வாசல் ஒன்று. வேலியில் கதவு உண்டு, ஆனால் மேட்டு அணியோடு ஆட்டம் என்றால் பூட்டித்தான் வைப்போம்.

இந்த மைதானத்துக்கு நான் பெண்கள் வரிசையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்க வந்தேன். பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். கடைசியில் மைதானப் பொறுப்பையே கொடுத்தார்கள். பொறுப்பு வந்த பிறகும் மைக்கை விடவில்லை. ஊரில் என் பெயரை மறந்துவிட்டு மைக்கம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்கு முன்னால் மைக்கில் இருந்தவருக்குக் கணீரென்ற குரல். அவர் காலத்தில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கேலரி அப்போது பலகைதான். ஒரு நாள் பெண்கள் பக்கத்தில் பாம்பு என்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள். அவர் மைக்கை எடுத்து, அழகான தமிழில், "பெண்கள் பகுதியில் பாம்பு ஒன்று காணப்படுகிறது, யாரும் பயப்பட வேண்டாம்" என்று அறிவித்தார். அதுவரை பாம்பைப் பற்றித் தெரியாமல் நிம்மதியாகக் கடலை தின்றுகொண்டிருந்த ஆண்கள் பகுதியும் எழுந்து குதித்தது. ஒரு அம்மாளுக்குக் கால் பிசகியது. பலகைக்கு அடியில் தேடினால் பாம்பு இல்லை, கிழிந்த சைக்கிள் டியூப். அன்று ஆட்டம் முடிந்த பிறகு அவர் என்னிடம் சொன்னார்:

"ஏத்தா, 'பயப்படாதீக'ன்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. பயப்படுறதும் பயப்படாததும் அவுகவுக மனசு. அத நம்ம ஏன் சொல்லணும்? என்ன செய்யணுமோ அத மட்டும் சொல்லியிருக்கணும். நீ மைக்கத் தொடுமுன்னே ஒரு வாய் தண்ணி குடி. அந்தத் தண்ணி உள்ள எறங்குற நேரம் போதும், என்ன சொல்லணும்னு தெரிஞ்சிரும்."

அதிலிருந்து என் மேசையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் இருக்கும். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேட்டு மைதானத்தின் பொறுப்பாளரைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் "என்னத்துக்கு இதெல்லாம் எழுதிக்கிட்டு" என்று கோபப்படுவார். நல்ல உயரம், பெரிய மீசை, நிலபுலன் உள்ள குடும்பம். எங்கம்மா பயர் ஆபீசுக்குப் போகத் தொடங்குமுன் அவர்கள் வீட்டுப் புஞ்சையில் களை எடுத்தவர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசினோம், அதாவது சண்டை போட்டோம். வருஷத்தில் ஒரு ஆட்டம் அங்கே, ஒரு ஆட்டம் இங்கே. இங்கே நடக்கும்போது, வந்த அணியின் பொறுப்பாளர் என்ற முறையில் அவர் என் மேசையில், என் பக்கத்தில்தான் உட்காருவார்.

"என்ன தாயி, எங்காளுகள அப்பளமாட்டம் வெயில்ல காய வச்சிருக்கீக?" என்பார்.

"உங்க மைதானத்துல பொம்பளைக ஒதுங்க ஒரு மறைப்பு இல்ல அண்ணாச்சி. அதக் கட்டுங்க, நான் கூரை போடுறேன்" என்பேன்.

"இங்கன உக்காந்து பாத்தா டி.வி. பாத்தாப்ல இருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ வெளையாடுறானுக. எங்க கரையில உக்காந்து பாருங்க, வேர்வை மேல தெறிக்கும்."

"தெறிக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்கணும்."

இப்படியே போகும். ரசிப்பு என்று பார்த்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வேலி இல்லாத இடத்தில் ஆட்டம் பார்க்கிறவருக்கு ஆட்டத்தில் பங்கு இருக்கிறது. கூரை உள்ள இடத்தில் கூட்டத்துக்கு ஒரே குரல் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்ட யாராலும் முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, இறுதி ஆட்டம் நம் மைதானத்தில் விழுந்தது. எதிரே மேட்டு அணி. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் அவசர ஆர்டர் இருந்ததால் பல பயர் ஆபீசுகளில் வேலை நடந்தது. நம் ரசிகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் ஒருவர் வேலைக்குப் போயிருந்தார். என் தங்கை மாரிக்கனியும் போயிருந்தாள். ஊருக்குக் கிழக்கே, ஓடைப் பாலத்துக்கு அப்பால் அவள் வேலை பார்க்கும் இடம். காலையில் போகும்போது, "அக்கா, யாரு ஜெயிச்சாகன்னு போன் போடு. கோல் விழுந்தா சத்தம் அங்கன வரைக்கும் வரும், ஆனா யாரு போட்டதுன்னு தெரியாதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோல் விழுந்தால் ஒரு சரவெடி என்பது இந்த ஊர் வழக்கம். கோல் கம்பத்துக்குப் பின்னால் மணல் பரப்பிய குழி, அதில்தான் கொளுத்த வேண்டும். சரம் மட்டும்தான், பெரிய வெடி கூடாது. மீறினால் அந்த அணிக்கு அடுத்த வருஷம் சரம் கிடையாது. அந்தத் தண்டனைக்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

முதலில் மேட்டு அணி கோல் போட்டது. இரண்டாம் பாதியில் நாங்கள் சமன் செய்தோம். கூரை பிய்த்துக்கொண்டு போகும் போல இருந்தது. சரம் வெடித்து, அதன் கடைசிச் சத்தம் ஓய்கிற நேரம், 'தொம்' என்று ஒரு சத்தம்.

இங்கேதான் எங்கள் ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. வெடி செய்து பிழைக்கிற ஊர் இது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இது இன்ன வெடி, இன்ன கம்பெனி வெடி என்று பந்தயம் கட்டுவார்கள். அதனால் அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் தீர்ப்புச் சொன்னார்கள்: யாரோ விதியை மீறிக் குழியில் பெரிய வெடி வைத்துவிட்டான். "எவம்லே பாம் வச்சது?" என்று எதிரணிக் கேலரி கத்தியது. "வச்சது உங்காளு, கேக்கிறதும் நீயா?" என்று நம்மாட்கள் கத்தினார்கள். இரண்டு பக்கமும் வேலியைப் பிடித்து உலுக்கினார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு ஆளாக இருந்தால் அந்தச் சத்தத்துக்குப் பயந்திருப்பான். எங்களுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

என் மேசையில் தம்ளரில் இருந்த தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேட்டுக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழியில் வைக்கிற எந்த வெடிக்கும் தரை அப்படி அதிராது.

நம் கேலரி கிழக்கே பார்த்தது. அதனால் நம்மாட்கள்தான் முதலில் பார்த்தார்கள், எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தின் தலைக்கு மேலே கருப்பாகப் புகை ஏறுவதை.  அதுவரை வசை பாடிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதிரணிக்காரர்கள் இவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் குரல், "கிழக்கேயா! யாத்தே, எம் புள்ள கிழக்கே இருக்கே!" என்றது. அவ்வளவுதான், எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

எல்லாரும் போனை எடுத்தார்கள். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. நானும் மாரிக்கனிக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. மைக்கை மறந்துவிட்டு மறுபடியும் மறுபடியும் போட்டேன். இதைச் சொல்ல வெட்கப்படவில்லை, மைக் பிடிக்கிறவளுக்குத் தங்கை இருக்கக் கூடாதா என்ன?

கூட்டம் பின்பக்கப் படிக்கட்டை நோக்கித் திரும்பியது. அந்த ஒரே படிக்கட்டு வழியாக ரோட்டில் இறங்கி, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே ஓட வேண்டும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதில் இறங்கினால் பயர் ஆபீசில் என்ன ஆனதோ தெரியாது, இங்கே கண்டிப்பாகச் சாவு விழும். நேரான வழி ஒன்று இருந்தது. வேலிக் கதவைத் திறந்து மைதானத்துக்குள் விட்டால், குறுக்கே நடந்து, கிழக்கு வாசல் வழியாக ஓடைப் பாதைக்குப் போய்விடலாம். ஆனால் கிழக்கு வாசல் எதிரணிக் கேலரிக்குக் கீழே. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வேலியை உலுக்கிக்கொண்டு நின்றவர்களின் நடுவே நம் கூட்டத்தை அனுப்ப வேண்டும். அவர்களும் எழுந்து அதே வாசலுக்கு இறங்கினால் இரண்டு கூட்டமும் அந்த வாசலில் நசுங்கும்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். மைக்கை எடுத்தேன்.

"நம்ம கேலரி ஆளுகளுக்குச் சொல்றேன். படிக்கட்டுக்குப் போகாதீக. வேலிக் கதவு திறக்கப் போறோம். மைதானத்துக்குள்ள எறங்கிக் கிழக்கு வாசலுக்கு வாங்க. புள்ளைகளத் தூக்கிக்கோங்க. நடந்து வாங்க."

சாவியை வாங்கிக் கதவைத் திறந்த நம் காவல்காரர், திறந்த கையோடு சாவியை என் மேசையில் போட்டுவிட்டு, "யம்மா, எம் பொண்டாட்டி அங்கன இருக்கா" என்று ஓடினார். அடுத்தவரும் ஓடினார். குழிக்குப் பொறுப்பானவர், டிக்கெட் கிழிக்கிறவர், நம் பயிற்சியாளர், எல்லாருக்கும் அங்கே யாராவது இருந்தார்கள். நம் ஆட்டக்காரர்களே பூட்ஸோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி நின்றேன். மூச்சு விடுகிற நேரத்தில் நம் மைதானத்துக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

எதிரணிக் கேலரியில் ஆட்கள் எழுந்து கீழே இறங்க ஆரம்பித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. என்னவென்று பார்க்கலாம், உதவி செய்யலாம் என்றுதான். "இறங்காதீக, உக்காருங்க" என்று மைக்கில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் அவர்கள் கோல் போட்டால் முனகலாகவும், நம்மவர்கள் போட்டால் கூவலாகவும் அறிவித்த குரல் அது. அதை அவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்?

பக்கத்திலிருந்தவர் கையை நீட்டினார். "தாயி, மைக்கக் குடுங்க."

எதிரணி ஆள் யாருக்கும் மைக்கைக் கொடுக்கக் கூடாது என்பது கமிட்டியின் கண்டிப்பான விதி. ஒரு தடவை கொடுத்து, அது அடிதடியில் முடிந்த பிறகு வந்த விதி. அன்று அந்த விதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துபோய்க் கொடுக்கவில்லை, யோசித்துத்தான் கொடுத்தேன். அந்த மைதானத்தில் ஒரு மைதானத்தை நடத்தத் தெரிந்தவராகவும், கிழக்கே யாரும் இல்லாதவராகவும் இருந்த ஒரே ஆள் அவர்தான். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். நெருக்கடியில் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. யார் கை நடுங்காமல் இருக்கிறதோ அந்தக் கையில் கொடுக்கத் தெரிந்தால் போதும். அது யாருடைய கை என்று பார்க்க நேரம் இருக்காது.

அவர் எழுந்து நின்று பேசினார். கத்தவில்லை.

"ஏலே, நான்தான் பேசுறேன். நம்மாளு ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சவன் உக்காரு. இவுக வீட்டு ஆளுக அங்கன இருக்காக. நமக்கு அங்கன யாரும் இல்ல. நம்ம உக்காந்திருந்தாத்தான் இவுக போக முடியும். அம்புட்டுத்தான் நம்ம வேலை. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். படியில் பாதி இறங்கியவர்கள் இறங்கிய இடத்திலேயே, இளவட்டங்கள் உட்பட, அத்தனை பேரும். மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்க, ஒருவர்கூட அசையவில்லை. அவர்கள் காலடியில், கிழக்கு வாசல் வழியாக நம் கூட்டம் போனது. அழுதுகொண்டே போனார்கள், ஆனால் நடந்து போனார்கள். படியோரத்தில் உட்கார்ந்திருந்த மேட்டுக்காரர் ஒருவர் கையை நீட்டி, ஒரு அம்மாளின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ட்டு வாம்மா, புள்ள இங்கன இருக்கட்டும்" என்றார். அந்த அம்மாள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவளும் யோசிக்காமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

நடுவர் என்னிடம் வந்து, ஒரு அணி மைதானத்தை விட்டுப் போய்விட்டால் மற்ற அணிதான் ஜெயித்ததாகக் கணக்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மேட்டு அணியின் கேப்டன் அதைக் கேட்டுவிட்டு, "அந்தக் கோப்பைய நீங்களே வீட்டுக்குக் கொண்டு போங்க சார்" என்றான். அந்த ஆட்டத்தைப் பிறகு ஒரு நாள் முதலிலிருந்து ஆடினோம், தோற்றோம். அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அன்று யாருக்கும் அது முக்கியமாக இல்லை.

கூட்டம் போன பிறகு மேட்டுப் பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு யாரு தாயி அங்கன?"

"தங்கச்சி. மாரிக்கனி."

"அப்ப ஏன் நிக்கீக? போங்க."

"மைதானம்?"

"மைதானம் எங்கயும் ஓடிராது. நான் இருக்கேன்ல."

சாவிக் கொத்தைத் தள்ளி வைத்தேன். அவர் அதை எடுத்துத் தன் துண்டில் முடிந்துகொண்டார். மேட்டு அணி வந்த வேனில் ஏறினேன், வழியில் ஓடிக்கொண்டிருந்த நம் ஆட்டக்காரர்கள் சிலரும் ஏறிக்கொண்டார்கள்.

ஓடைப் பாலத்தில் போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் விடவில்லை. நம் கேலரியே பாலத்தில் நின்றது. புகை இப்போது பக்கத்தில் தெரிந்தது. தீயணைப்பு வண்டியிலிருந்து ஒருவர் வந்தார். வெடிமருந்து கலக்கும் ரூம் ஒன்று போய்விட்டது என்றார். கையில் தீக்காயத்தோடு ஒரு அம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றியாயிற்று, பேச்சு மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். மற்றவர்கள்?

"பின்பக்கமா ஓடிட்டாகம்மா. எங்கன போனாகன்னு தெரியல. ரூம் ரூமாத் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். பாலத்தில் சில பெண்கள் இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் கூப்பிடவில்லை. எனக்கு வாயே திறக்கவில்லை. இத்தனை வருஷம் மைக்கில் பேசிய வாய்.

அப்போது காற்றில் ஒரு குரல் வந்தது.

டிக்கெட் எடுக்க முடியாதவர்கள் வெளியிலிருந்து கேட்கட்டும் என்று கிழக்கு வாசலுக்கு வெளியே, ஓடைப் பாதையில், கூம்புக் குழாய்கள் கட்டியிருந்தோம். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று காலம். அந்தக் கரிசல் வெளியில் தடுக்க ஒரு சுவர் கிடையாது. குழாயில் மேட்டுப் பொறுப்பாளரின் குரல் விட்டு விட்டு வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வேலைக்குப் போன ஆளுக காட்டு வழியா மைதானத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருக்காக. அவுக வீட்டு ஆளுக எல்லாம் இங்கனதான் ஆட்டம் பாக்காகன்னு தெரிஞ்சு, இங்கன ஓடி வந்துட்டாக. ஒவ்வொருத்தராப் பேரு சொல்றேன். வடக்குத் தெரு பேச்சியம்மா, வந்துட்டாக."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு ஆரவாரம் கேட்டது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது, எதிரணிக் கேலரி. அவர்கள் இன்னும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒவ்வொரு ஆள் வரும்போதும், கோல் விழுந்தது மாதிரி எழுந்து நின்று கத்தினார்கள்.

"காளவாசல் தெரு முருகன். வந்துட்டாரு." ஆரவாரம். "ஆமத்தூர்ல இருந்து வேலைக்கு வந்த அக்கா, பேரு சுப்புத்தாயி. வந்துட்டாக." ஆரவாரம்.

பாலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது, பிறகு எழுந்து மைதானத்துக்கு ஓடியது. "மாரிக்கனி" என்று ஒரு தடவை கேட்டது. எனக்கு உயிர் வந்தது. "மேலத் தெரு மாரிக்கனி" என்று குரல் தொடர்ந்தது. எங்கள் வீடு கீழத் தெரு. என் பக்கத்தில் நின்ற பெண் என்னைக் கட்டிக்கொண்டு, "எம் மக, எம் மக" என்று குலுங்கினாள். அவளைத் தட்டிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவள் சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. அவளும் போய்விட்டாள்.

பாலத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. பெயர்களுக்கு இடையே நேரமும் கூடிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் குழாயில் ஒன்றுமே இல்லை, காற்று மட்டும்தான். மிச்சம் நின்ற சில பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நாற்காலியில் உட்கார்ந்து நான் ஆயிரம் தடவை பேசிய அந்தக் குழாய் இருந்த திசையைப் பார்த்து, பேசு பேசு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

பேசியது.

"கீழத் தெரு மாரிக்கனி. மைக்கம்மா தங்கச்சி. சொகமா இருக்காக. கூட வந்த அம்மாவால ஓட முடியலன்னு அவுகளக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு வந்ததுல நேரமாயிருச்சு. இங்கன என் பக்கத்துல, உங்க நாற்காலியிலதான் உக்காந்திருக்காக. தாயி, காதுல விழுதா?"

அதைத் தொடர்ந்து எதிரணிக் கேலரி எழுப்பிய சத்தம் ஓடையைத் தாண்டி வந்தது. எங்களுக்கு எதிராகப் போட்ட எத்தனையோ கோல்களுக்கு நான் கேட்டு எரிச்சல்பட்ட அதே சத்தம். அந்த மனிதர்களுக்கு நான் பட்ட கடனை இந்த ஜென்மத்தில் தீர்க்க முடியாது. அவருக்குக் கேட்காது என்று நன்றாகத் தெரிந்தும், பாலத்தில் நின்று, மைக் இல்லாத வெறும் தொண்டையால் கத்தினேன்: "விழுது அண்ணாச்சி! விழுது!"